காத்திவாக்கம் ஓல்டு

திருவொற்றியூரில் ஒரு கலர் லேபில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். கல்யாண போட்டோக்காரர்கள் ஃபிலிம் ரோலை விட்டு மெமரி கார்டுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பிரிண்டரில் தாள் சிக்கினாலும், ஃபேன் சுற்றாவிட்டாலும், வாசல் போர்டில் ட்யூப்லைட் எரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மின்சாரத்தில் ஓடுவது எல்லாமே கம்ப்யூட்டர்தான் என்று முதலாளிக்கு ஒரு எண்ணம்.

முதலாளி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். முதலில் மளிகை, பிறகு ஸ்டேஷனரி, கடைசியில் கலர் லேப். போட்டோகிராபர் ராயபுரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். படம் எடுப்பதும் அவர்தான், எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஃபோல்டருக்குப் பெயர் வைப்பதும் அவர்தான். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். கோபம் வந்தால் மேடம்.

லேபில் இரண்டு கம்ப்யூட்டர்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் சி.டி.க்களிலிருந்து வாரம் ஒரு வைரஸ் வந்து ஏறிக்கொள்ளும். பொறுக்க முடியாமல், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து வைரஸ் அண்டாத லினக்ஸ் போட்டு, படங்களையெல்லாம் அதில் சேர்த்துவைக்க ஏற்பாடு செய்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

தலைக்கனத்தின் அடுத்த படி ஷெல் ஸ்கிரிப்ட். ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் ஒன்றும் பெரிதில்லை. தினமும் கையால் தட்டுகிற கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்துவிட்டால் மிஷின் தானாகவே செய்துகொள்ளும். ஒவ்வொரு கல்யாணத்தின் படங்களையும் சின்னதாக்கி, ஒரு தாளுக்கு முப்பது என்று அடுக்கிக் கொடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை முதலில் எழுதினேன். அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஆல்பத்துக்கு எது வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் டிக் அடிப்பார்கள். சொந்தமாக நான் செய்து பார்த்தபோது அழகாக ஓடியது. லேபில் விட்ட முதல் நாளே படுத்துக்கொண்டது.

காரணம் இடைவெளி. நான் வைத்த ஃபோல்டர்களுக்கெல்லாம் ஒரே சொல்லில் பெயர். அண்ணா வைத்த ஃபோல்டர்களுக்கு மூன்று சொல், நான்கு சொல். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். 'ராயபுரம் காதுகுத்து', 'டோல்கேட் வளைகாப்பு', 'மீன்காரம்மா பேத்தி சடங்கு'. மனிதக் கண்ணுக்கு அது ஒரு பெயர். ஷெல்லுக்கோ இடைவெளி வந்த இடத்தில் ஒரு பெயர் முடிந்துவிடுகிறது. 'மீன்காரம்மா' என்று ஒரு ஃபோல்டரைத் தேடும், இல்லை என்று சொல்லும். 'பேத்தி'யைத் தேடும், இல்லை என்று சொல்லும். 'சடங்கு'ம் இல்லை. திரை முழுக்க இல்லை இல்லை என்று வரிகள் ஓட, வாசலில் மீன்காரம்மா தாளுக்காகக் காத்திருப்பார்.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தேடினேன். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும், அப்போது மொத்தத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் என்று யாரோ யாருக்கோ பதில் எழுதியிருந்தார்கள். அவ்வளவுதானே என்று ஓடிவந்து போட்டேன். என் ஸ்கிரிப்ட்டில் எல்லா ஃபோல்டர் பெயர்களும் ஒரு மூட்டையாக வரும், அதை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்கும் வரி ஒன்று இருந்தது. நான் மூட்டையைச் சுற்றி மேற்கோள் போட்டேன். அது எல்லா ஃபோல்டரையும் சேர்த்து ஒரே நீளமான பெயர் என்று எண்ணிக்கொண்டது. எடுத்துவிட்டேன். இன்னொரு இடத்தில் போட்டேன். அங்கே வேறு மாதிரி உடைந்தது. இரண்டு நாள் இப்படிப் போராடிவிட்டு, ஸ்கிரிப்ட்டைத் திருத்துவதைவிட ஆட்களைத் திருத்துவது சுலபம் என்று முடிவுக்கு வந்தேன். இன்றைக்கும் அந்த முடிவை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

மானிட்டரின் மேல் ஒரு தாள் ஒட்டினேன். 'பெயருக்கு நடுவில் இடம் விடக் கூடாது. அடிக்கோடு போடவும்.' சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில்.

அண்ணா அதைப் படித்துவிட்டுக் கீபோர்டைத் தூக்கிக் காட்டினார். "அடிக்கோடு இதுல எங்க கீது?"

"மேல வரிசைல, சைபருக்குப் பக்கத்துல. ஷிஃப்டை அழுத்திகினு அடிக்கணும்ணா."

"நான் ஒத்த வெரல்ல அடிக்கிறவன். ஒரு கோட்டுக்கு ரெண்டு கையும் வேணுமா?"

"அப்ப சேர்த்து எழுதுங்க."

"சேர்த்து எழுதுனா படிக்க வருமா மேடம்? மனுசன் பேரு எப்டி எழுதுவானோ அப்டித்தான் எழுதுவான். உன் மிஷினுக்கு கண்ணு தெரியலன்னா டாக்டராண்ட காட்டு."

பேச்சில் மேடம் வந்துவிட்டதால் நான் மேற்கொண்டு பேசவில்லை. தினமும் காலையில் வந்ததும் அவர் வைத்த பெயர்களில் இடைவெளியை எடுத்துவிட்டு அடிக்கோடு போடுவேன். பத்து மணிக்கு அவர் வந்து, தன் ஃபோல்டரைக் காணோம் என்று தேடிவிட்டு, அதே பெயரில் இடைவெளியோடு புதிதாக ஒன்று உண்டாக்குவார். சில நாட்களில் பெயரே வைக்க மாட்டார். நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் இரண்டு, நியூ ஃபோல்டர் மூன்று என்று ஏழு வரைக்கும் போயிருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால்தான் கல்யாணமா காதுகுத்தா என்று தெரியும்.

இதற்கு நடுவில் ஹார்ட் டிஸ்க் நிறைந்துகொண்டே வந்தது. நாற்பத்தைந்து நாள் ஆன ஃபோல்டர்களை அழித்துவிடலாம் என்று முதலாளி சொன்னார். நான் இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எழுதினேன் என்றா சொல்வது, பழைய ஸ்கிரிப்ட்டின் பாதியை அப்படியே எடுத்து, படத்தைச் சின்னதாக்கு என்ற இடத்தில் அழி என்று போட்டேன். கேள்வி கேட்காமல் அழி, அப்படி ஒரு ஃபோல்டர் இல்லாவிட்டால் பேசாமல் இரு என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். எல்லோரும் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து, தினம் ஒரு மணிக்கு ஓடும்படி வைத்தேன்.

காத்திவாக்கத்தில் ஒரு மீனவக் குடும்பத்தில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை நடந்தது. திங்கட்கிழமை காலை அண்ணா இரண்டு மெமரி கார்டிலும் இருந்த படங்களை ஏற்றினார். 'காத்திவாக்கம்' என்று பெயர் வைக்கப் போனார். அந்தப் பெயரில், அன்றுதான் நாற்பத்தைந்து நாள் தாண்டிய காதுகுத்து ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதனால் அந்தப் பழைய ஃபோல்டரின் பெயரை 'காத்திவாக்கம் ஓல்டு' என்று மாற்றிவிட்டு, கல்யாணத்துக்குக் 'காத்திவாக்கம்' என்று வைத்தார். ஒரே சொல். நான் கேட்ட மாதிரியே.

ஒரு மணிக்கு நான் டிபன் பாக்ஸோடு மாடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அண்ணா திரைக்கு முன் உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, காத்திவாக்கம் எங்க கீது?"

"அங்கதான் இருக்கும், பாருங்கண்ணா."

"பழசு கீது. புச்சக் காணோம்."

நீங்கள்தான் எங்கேயோ இழுத்துப் போட்டிருப்பீர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்து பார்த்தேன். 'காத்திவாக்கம் ஓல்டு' சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நாற்பத்தைந்து நாள் தாண்டிய அதுதான் அழிந்திருக்க வேண்டும். அழி என்ற சொல்லை எடுத்துவிட்டு, எதையெல்லாம் அழிப்பாய் என்று திரையில் காட்டு என மாற்றி ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டேன். இரண்டு வரி வந்தது. முதல் வரியில் காத்திவாக்கம். இரண்டாவது வரியில் ஓல்டு.

பழைய ஃபோல்டரின் பெயரை நடுவில் உடைத்து, முதல் பாதியின் பெயரில் இருந்த கல்யாணத்தை அழித்திருக்கிறது. அடுத்து ஓல்டு என்று ஒன்றைத் தேடியிருக்கிறது. இல்லாவிட்டால் பேசாமல் இரு என்று நான்தான் சொல்லியிருந்தேனே, பேசாமல் இருந்துவிட்டது.

"ஓல்டுன்னு ஏன் போட்டீங்க? இடம் விடாதீங்கன்னு எத்தினி தபா சொன்னேன்?" என் குரல் கீச்சென்று போனது எனக்கே கேட்டது.

"பழசுன்னு உனக்குத் தெரியட்டும்னுதான் போட்டேன். எதை அழிக்கணும்னு நீ பேஜாராவக் கூடாதுன்னு போட்டேன்." அவர் குரல் உயரவில்லை. "அத வுட்டுட்டு இத்த ஏன் அழிச்சே, சொல்லு."

"மெமரி கார்டு ரெண்டும் எங்கண்ணா?" என்றேன்.

கார்டுகளை உடனே தேடினோம். காலையிலேயே அண்ணா இரண்டையும் துடைத்துவிட்டிருந்தார். முகூர்த்தம் இருந்த கார்டை, லேபுக்கு அவ்வப்போது வேலைக்கு வரும் இன்னொரு போட்டோகிராபர் பள்ளிக்கூடக் குரூப் போட்டோவுக்கு எடுத்துப் போய், ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அதில் நிரப்பிக்கொண்டிருந்தார். இரண்டாவது கார்டு அண்ணாவின் பையிலேயே இருந்தது. அதில் நாலைந்து பாஸ்போர்ட் சைஸ் படங்கள் மட்டும் எடுத்திருந்தார். அதை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். லினக்ஸில் அழிந்ததைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று பிரவுசிங் சென்டரில் தேடியதில், படித்த அத்தனை பேரும் முடியாது என்றே எழுதியிருந்தார்கள். கல்யாண வீடியோவை வேறு ஒருவர் எடுத்திருந்தார். அதிலிருந்து படம் பிடித்துப் பார்த்தோம். பெரிதாக்கினால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது.

முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா சொல்லுத? பேருக்கு நடுவுல எடம் விட்டா கல்யாணம் அழிஞ்சிருமா?"

"என் ப்ரோகிராம் தப்பு சார்."

"அதெல்லாம் அங்க போயி சொல்லிக்கிட்டு இருக்காத. வைரஸ்னு சொல்லிருவோம். வைரஸ்னா எல்லாருக்கும் தெரியும்."

புதன்கிழமை மூவரும் காத்திவாக்கத்துக்குப் போனோம். முதலாளி ஸ்கூட்டரில், நானும் அண்ணாவும் எண்ணூர் பஸ்ஸில். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றதில் பஸ் அரை மணி நேரம் நகரவே இல்லை. அண்ணா ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தார்.

பெண்ணின் அம்மா வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். மறுவீட்டுக்கு வந்திருந்த பெண், படம் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். முதலாளி செருப்பைக் கூடக் கழற்றாமல் வைரஸ் கதையை ஆரம்பித்தார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீதான கம்பூட்டர் பாக்குற பொண்ணு? வைரஸா?"

பஸ்ஸில் வரும்போதுகூட, சரி, வைரஸ் என்றே இருக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அண்ணா என் பக்கத்தில் நின்றார். வைரஸ் என்றால் சி.டி. வாங்கிப் போட்டது யார், கார்டைத் துடைத்தது யார் என்று பேச்சு அவர் தலையில்தான் போய் இறங்கும்.

"இல்லம்மா," என்றேன். "நான் எழுதுன ப்ரோகிராம் தப்பு. பேருக்கு நடுவுல இடம் இருந்தா ரெண்டு பேருன்னு நெனச்சுக்கும். அத நான் சரி பண்ணாம வுட்டுட்டேன். வேற ஒண்ண அழிக்கப் போயி உங்க கல்யாணத்த அழிச்சிடுச்சு."

முதலாளி இருமினார். பெண் சுவரில் சாய்ந்து நின்றாள். அம்மா இன்னொரு இறாலை எடுத்தபடி, "ரேஷன் கார்டுல எங்க வூட்டுக்காரர் பேர ரெண்டா ஒடச்சு, இல்லாத ஒரு ஆள வூட்டுல சேர்த்துட்டாங்கோ," என்றார். "அந்த ஆள வெளிய அனுப்ப ஒரு வருசம் நடந்தேன்."

புரிந்துகொண்டுவிட்டார் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அது அவங்கோ தப்பு. இது உன் தப்பு," என்றார் அம்மா. கையில் இருந்த இறாலைத் தட்டில் போட்டார். "இன்னா பண்ணப் போற?"

மறுபடி புதிதாகப் படம் எடுத்துக் கொடுக்கிறோம், அலங்காரம் எல்லாம் எங்கள் பொறுப்பு என்றார் முதலாளி. அப்போதுதான் பெண் முதல் தடவையாகப் பேசினாள். "மாமன் எப்டி வருவாரு?"

அவளுடைய தாய்மாமன் கப்பலில் வேலை. கல்யாணத்துக்கென்று லீவு போட்டு வந்தவர், அன்று காலை வண்டியில்தான் பம்பாய்க்குக் கிளம்பியிருந்தார். கப்பல் ஏறினால் திரும்ப ஒன்பது மாதம். அவளைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவராம். நாங்கள் இரண்டு நாள் முன்னால் வந்து சொல்லியிருந்தால் அவரை வைத்து ஒரு படமாவது எடுத்திருக்கலாம். திங்கட்கிழமையே தெரிந்த விஷயத்தை, வீடியோவில் தேறுமா, டிஸ்க்கில் தேறுமா என்று புதன்கிழமை வரைக்கும் இழுத்ததும் நான்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு வாசலிலேயே துணி கட்டி, பூ வைத்து, படம் எடுத்தோம். அதிலும் ஒரு கூத்து. மாப்பிள்ளை வீட்டில் ஏதோ வேண்டுதல், மாப்பிள்ளை நடுவில் திருத்தணிக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றார். வாடகைக்குத் தலைப்பாகை வாங்கிக் கட்டிவிட்டோம். பெரியதாக இருந்ததால் ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் நெற்றியில் இறங்கியது. தாலி கட்டுவதுபோல் ஒன்று எடுக்கலாம் என்று அண்ணா கேட்டதற்கு, தாலி ஒரு தபாதான் கட்டுவாங்கோ என்று அம்மா மறுத்துவிட்டார். வெறுமனே நின்றார்கள், உட்கார்ந்தார்கள், மாலையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண் ஒரு படத்திலும் சிரிக்கவில்லை. அண்ணாவும் சிரிக்கச் சொல்லவில்லை.

கைப்பையில் வைத்திருந்த கார்டை நான் விடவில்லை. துடைத்த கார்டிலிருந்து படங்களைத் தோண்டி எடுக்கும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. முதல் தடவை கார்டைத் தெரியவில்லை என்றது. வேறு கார்டு ரீடரில் போட்டால் பாதியில் நின்றது. ஐந்தாவது நாள் எண்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வெளியே வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். பந்தி. அடுத்ததும் பந்தி. இலை, சாம்பார் வாளி, கை கழுவும் இடம், மறுபடி பந்தி. இரண்டாவது கார்டு முழுக்கச் சாப்பாட்டுக் கூடத்தில் எடுத்தது என்று அண்ணா அப்போதுதான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸைத் தட்டினேன், அது மேஜைக்குக் கீழே போய் விழுந்தது.

அப்படியும் எல்லாவற்றையும் தாளில் அடித்து, நானே காத்திவாக்கத்துக்கு எடுத்துப் போனேன். அண்ணாவும் வந்தார். பெண் தாள்களை மெதுவாகப் புரட்டினாள். மூன்றாவது தாளில் விரல் நின்றது. வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் துண்டு சுற்றி, கையில் ரசம் வாளியோடு ஒருவர் குனிந்து பரிமாறுகிறார். யாரோ கூப்பிட்டு நிமிர்ந்த நேரத்தில் எடுத்தது. வாய் நிறையச் சிரிப்பு.

"மாமன்," என்றாள். "இத்த பெர்சா போடு. முழுப் பக்கத்துக்கு."

அண்ணா தயங்கினார். "ரசம் வாளியோட முழுப் பக்கம் யாரும் போட மாட்டாங்கம்மா. வேணும்னா மூஞ்ச மட்டும் வெட்டி..."

"வெட்டாத. அவரு அன்னிக்கு ஒக்காரவே இல்ல. வந்த சனத்துக்கெல்லாம் அவருதான் போட்டாரு. அப்டியே போடு."

அப்படியே போட்டோம். ரசத்தின் ஆவியில் கொஞ்சம் மங்கலாக இருந்ததைச் சரி செய்யட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள்.

அந்த வாரமே ஸ்கிரிப்ட்டைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன். பெயர்களை மூட்டையாக வாங்காமல் ஒரு வரிக்கு ஒரு பெயராக வாங்குவது, வாங்கிய ஒவ்வொன்றையும் மேற்கோளுக்குள் வைப்பது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் ஆறு வரி. முதல் தடவையே இன்னும் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்கும். வேண்டுமென்றே கோணல்மாணலான பெயர்களில் ஃபோல்டர்கள் வைத்து, ஒரு இடைவெளி, இரண்டு இடைவெளி, பெயருக்கு முன்னால் இடைவெளி என்று ஓடவிட்டுப் பார்த்தேன். எதையும் உடனே அழிக்காமல், ஒரு வாரத்துக்கு ஒதுக்கி வைக்கும்படியும் மாற்றினேன். மானிட்டர் மேல் இருந்த தாளைக் கிழித்தேன். அண்ணா அதைப் பார்த்தார். அன்று மாலை டீ வாங்கி வந்தபோது எனக்கும் ஒன்று வாங்கி வந்தார். ஃபோல்டர் பெயர் மட்டும் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது.

ஒரு வருடம் கழித்து அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு. அம்மா எங்கள் லேபுக்கே வந்தார். வேறு லேபே கிடையாதா என்று நினைத்துக்கொண்டேன். விசேஷம் முடிந்த மறுநாள் காலை, நாங்கள் கடை திறக்கும் முன்பே ஷட்டர் அருகில் நின்றிருந்தார். அண்ணா கார்டைச் செருகியதும் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க வெச்சிக்கீற, காட்டு."

காட்டினேன்.

"இன்னொரு எடத்துல?"

அடுத்த கம்ப்யூட்டரில் வைத்திருந்த பிரதியையும் காட்டினேன். சி.டி.யில் எழுத வேண்டும், இருபது நிமிடம் ஆகும், நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாருங்கள் என்றேன்.

"சாப்ட்டுக்கலாம்," என்றார். மீன் கூடையை ஸ்டூலுக்கு அடியில் தள்ளிவிட்டு, திரையில் பச்சைக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சி.டி. பாதியில் பழுதாகி வெளியே வந்தது. நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதைப் போட்டேன். அதை எழுதி முடித்து, திறந்து, ஒவ்வொரு படமாகக் காட்டும் வரைக்கும் அவர் எழுந்திருக்கவே இல்லை.